ஆராய்ச்சி மணியும் பேராயர் மாளிகையும்

மனுநீதிச் சோழன் வரலாற்றை அறியாத தமிழ் மாணவன் இரான். திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் ஏறிச் சென்ற தேர்க்காலில் இளங்கன்று ஒன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட முற்பட்டான். வகுப்பறையில் இக்கதை பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடும். அரசனின் நடுவுநிலைமையைப் புகழ்ந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது வழக்கம்.

ஆயினும், பெரியபுராணத்தில் இவ்வரலாற்றினிடையே ஒரு காட்சி உண்டு. கன்று மாண்டதறிந்து மன்னன் கலங்கி நிற்க, அமைச்சர்கள் அவனுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். பசுவதைக்கு மறையோர் வகுத்த கழுவாய் உண்டு. அதனைச் செய்வித்தால் போதும் என்பது அவர்கள் அறிவுரை. அந்த அமைச்சர்கள் கொடியவர்கள் அல்லர். அரச குலத்தின்பால் அன்பு மிக்கவர்கள். சோழனோ அதை ஏற்கவில்லை. பிறன் ஒருவன் உயிர்க்கொலை செய்தால் அவனைக் கொல்வதும், தன் மகன் செய்தால் கழுவாய் தேடுவதும் அறமாகுமோ என்று வினவினான். வரலாற்றின் உயிர் இவ்வினாவில்தான் இருக்கிறது. குற்றத்தைப் பாவமாக மாற்றிவிட்டால் அது வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும் செய்தியாகிவிடும். குற்றமாகவே வைத்தால் அது வீதிக்கு வந்தாக வேண்டும். அமைச்சர்கள் முன்னதை விரும்பினர். மன்னன் பின்னதைத் தேர்ந்தான்.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு, இங்கிலாந்துத் திருச்சபையைப் பற்றி அண்மைக் காலத்தில் வெளிவந்த மூன்று விசாரணை அறிக்கைகளைப் படித்துப் பார்ப்பது தமிழாசிரியர்களுக்குப் பெரிதும் பயன்தரும். முதலாவது, மோயரா கிப் அம்மையார் 2017-இல் அளித்தது. இரண்டாவது, இங்கிலாந்திலும் வேல்சிலும் சிறுவர்மீது நிகழ்ந்த பாலியல் கொடுமைகளை ஆராய அரசு அமைத்த சுதந்திர விசாரணைக் குழு 2020 அக்டோபரில் வெளியிட்டது. மூன்றாவது, கீத் மேக்கின் என்பார் எழுதி 2024 நவம்பரில் வெளிவந்தது. மூன்றும் கேட்கும் கேள்வி ஒன்றே: திருச்சபையின் நிழலில் இளையோர் கொடுமைக்குள்ளானபோது, அதனை அறிந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள்?

நன்றியும் நடுவுநிலைமையும்

இவ்வாராய்ச்சி ஒரு சமயத்தின்மேல் பகை கொண்டு செய்வதன்று. ஆங்கிலிக்கன் திருச்சபைக்குத் தமிழ் பட்டுள்ள நன்றிக்கடன் பெரிது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், 1877-இல் பேராயராக உயர்த்தப்பட்டதும் இத்திருச்சபையில்தான். 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் தமிழ்நாட்டுக்கு வந்ததும் சமயப் பணியாளராகவே. தென்னிந்தியாவிலிருந்த ஆங்கிலிக்கன் சபைகள் 1947-இல் பிற சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயின. மலாயாத் தமிழ்க் கிறிஸ்தவர்களிலும் இம்மரபில் வந்தவர்கள் பலர்.

நன்றி நல்ல குணந்தான். ஆனால், நன்றிக்கு ஒரு தீமையும் உண்டு. கல்வி தந்த கை, மருந்து தந்த கை என்று கைகளைப் போற்றிப் பழகிய மக்கள், அக்கைகளுள் ஒன்று குழந்தையின்மீது தவறாகப் பட்டபோது அதனைச் சொல்ல நாவெழாது தவிப்பார்கள். நன்றியுணர்ச்சி அப்போது குற்றவாளிக்குக் கேடயமாகிறது. எனவே, நன்றியுடையோரே நடுவுநிலையோடு இதனை நோக்குதல் வேண்டும். கோயிலாயினும், மடமாயினும், பள்ளிவாசலாயினும், பள்ளிக்கூடமாயினும் இந்நோக்கு ஒன்றேயாம்.

ஏழு கடிதங்கள்

கிப் அம்மையாரின் அறிக்கை பீட்டர் பால் என்னும் பேராயரைப் பற்றியது. அவர் 1977 முதல் லூயிஸ் நகரத்துப் பேராயராகவும், 1992-இல் கிளாஸ்டர் பேராயராகவும் இருந்தவர். துறவி என்று மதிக்கப்பட்டவர். ஓராண்டைக் கிறிஸ்துவின் பணிக்குத் தரும் திட்டம் ஒன்றன்கீழ் இளைஞர்கள் அவர் இல்லத்தில் வந்து தங்குவார்கள். ஆன்மிகப் பயிற்சி என்ற பெயராலேயே அவர்களை அவர் இழிவுக்கும் கொடுமைக்கும் உட்படுத்தினார்.

1992-இல் ஓர் இளைஞர் துணிந்து முறையிட்டார். போலீசார் விசாரித்தனர். 1993-இல் பால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, வழக்கு மன்றம் ஏறாமல் எச்சரிக்கை மட்டும் பெற்றுப் பதவி விலகினார். அவர் கைதான செய்தி பரவியதும் வேறு சிலரும், பிள்ளைகளைப் பெற்றோரும் தலைமைப் பேராயரின் மாளிகையாகிய லாம்பெத்துக்குக் கடிதம் எழுதினர். அவ்வாறு வந்த கடிதங்கள் ஏழு. அவற்றுள் போலீசார் கைக்குச் சென்றது ஒன்றே ஒன்று. அதுவும் ஏழினுள் மிக இலேசானது. எஞ்சிய ஆறும் மாளிகையிலேயே தங்கிவிட்டன. சில ஆண்டுகளில் பால் மீண்டும் வழிபாடு நடத்தவும் இசைவு பெற்றார். நீதிமன்றம் அவருக்கு 32 மாதச் சிறைத் தண்டனை விதித்தது 2015 அக்டோபரில். முதன்முதல் முறையிட்ட இளைஞர் அதைக் காண உயிரோடு இல்லை. 2012-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மணி ஒலிக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஏழு முறை ஒலித்தது. ஆனால், கேட்டவர்கள் மணியின் நாவில் துணியைச் சுற்றினார்கள். 1993-இல் தலைமைப் பேராயராக இருந்த ஜார்ஜ் கேரி, கிப் அறிக்கை வெளிவந்தபின், ஓய்வுக்காலத்தில் வகித்துவந்த கௌரவப் பேராயர் பொறுப்பிலிருந்து 2017-இல் விலக வேண்டியதாயிற்று.

இங்கே தமிழ்ச் சொல் ஒன்று நினைவுக்கு வருகிறது. ‘பாவம்’ என்னும் சொல் நம் பேச்சில் இரு பொருள் தரும். செய்த தீவினையும் பாவம். தீவினைக்கு ஆளானவர்மேல் கொள்ளும் இரக்கமும் பாவம். ‘பாவம், பிள்ளை’ என்கிறோம். பீட்டர் பால் விவகாரத்தில் இவ்விரு பொருளும் இடம் மாறி நின்றன. அவர் செய்தது குற்றம் என்று கருதப்படாமல், மனந்திரும்பினால் தீரும் பாவமாகக் கருதப்பட்டது. இரக்கமாகிய பாவமோ துன்புற்ற இளைஞர்பால் செல்லாமல், ‘பாவம், பெரியவர்’ என்று பேராயர்பால் சென்றது. சமூகத்தின் உயர்நிலையில் இருந்த பலர் அவரை ஆதரித்துக் கடிதம் எழுதினர். முறையிட்ட இளைஞருக்காக எழுதியவர் எத்தனை பேர்?

மன்னிப்பைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். மன்னித்தல் பேரறம், ஆனால், அது துன்புற்றவனுக்கு உரியது. அடிபட்டவன் ஒருவன் இருக்க, அவன் சார்பில் வேறொருவர் மன்னிப்பு வழங்குவது அவனை இரண்டாம் முறை அடிப்பதாகும்.

கேட்பவரும் ஊதியம் கொடுப்பவரும் ஒருவரே

2020-ஆம் ஆண்டு அறிக்கை தனியொருவரைப் பற்றியதன்று, அமைப்பைப் பற்றியது. 1940-களிலிருந்து 2018 வரை, குருமாராகவோ நம்பிக்கைக்குரிய பொறுப்பிலோ இருந்து சிறுவர்க்கெதிரான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் 390 பேர் என்று அது கணக்கிடுகிறது. 2018-ஆம் ஆண்டில் மட்டும் பேராயங்களுக்குச் சிறுவரையும் ஆதரவற்ற பெரியோரையும் பற்றி வந்த பாதுகாப்பு முறையீடுகள் 2,504. அண்மையில் நிகழ்ந்த சிறுவர் பாலியல் கொடுமை குறித்தவை 449. ஆகவே, இது பழங்கதையன்று.

காரணம் கூறும் இடத்திலேதான் இவ்வறிக்கை சிறந்து விளங்குகிறது. குருமாரின் சொல்லுக்கு அளவிறந்த மதிப்பு. திருச்சபையின் பெயரைக் காக்க வேண்டும் என்னும் கவலை. மன்னிப்பைப் பற்றிய பிழைபட்ட கருத்து ஆகியவற்றை அது எடுத்துக் காட்டுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, சிறுவர் பாதுகாப்பில் முடிவு செய்யும் அதிகாரம் பேராயரிடமே இருந்தது. குருவானவரை நியமிப்பவர் அவர். அவருக்கு ஆன்மிகத் தந்தையாய் இருப்பவரும் அவர். அவர்மேல் வரும் புகாரைக் கேட்பவரும் அவரே. ஆலோசகர் ஒருவர் இருந்தாலும் அவர் சொல்லைத் தள்ளிவிடப் பேராயருக்கு இயலும். ஆதலின் அவ்வதிகாரத்தைப் பேராயரிடமிருந்து எடுத்து, அதற்கென அமர்த்தும் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை அறிக்கை தன் முதன்மைப் பரிந்துரையாக வைத்தது.

மனுநீதிச் சோழனும் மகனுக்குத் தானே நீதிபதியாயிருந்தவன் அன்றோ என்று ஒருவர் கேட்கலாம். மெய். ஆனால், அவ்வாறு தீர்ப்பளித்த மன்னன் ஒருவன் கிடைத்தமையாலன்றோ அவன் பெயர் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திருக்கிறது? அரிதினும் அரிதாக நிகழ்வதை எல்லாரிடத்தும் எதிர்பார்த்துப் பிள்ளைகளை ஒப்படைத்தல் கூடாது. சோழன் கிடைக்காத நாளிலும் கன்றுக்கு நீதி கிடைக்கும்படி அமைப்பதே ஏற்பாடு எனப்படும்.

கணக்குச் சரி, முகவரி தவறு

மேக்கின் அறிக்கை ஜான் ஸ்மைத் என்பவரைப் பற்றியது. இவர் குருவானவர் அல்லர், பேர்பெற்ற வழக்கறிஞர், திருச்சபையில் மறைவாசகராக உரிமம் பெற்றவர். உயர்குடிப் பள்ளிகளின் மாணவர்களுக்காக நடந்த கிறிஸ்தவ முகாம்களின் அறநிலையத்துக்குத் தலைவராக இருந்தவர். 1970-களின் பிற்பகுதியில், அம்மாணவர்களைத் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்கு வரவழைத்து, பாவத்திலிருந்து மீட்பதாகச் சொல்லிப் பிரம்பால் அடித்தார்.

1982-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த குருவானவர் மார்க் ரஸ்டன் இதனை விசாரித்து ஓர் அறிக்கை எழுதினார். அதில் எட்டு இளைஞர்கள் பட்ட அடிகள் ஏறத்தாழ 14,000 என்று கண்டிருக்கிறது. பிரம்பைக் கையாண்ட எந்த ஆசிரியரும் இந்த எண்ணின்முன் திடுக்கிடுவார். இச்செயல்கள் சட்டப்படி குற்றங்கள் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. விசாரித்தவருக்கு எண்ணவும் தெரிந்தது; எழுதவும் தெரிந்தது; சட்டமும் தெரிந்தது. ஆயினும், அவ்வறிக்கை நம்பிக்கைக்குரிய சிலர் கைக்கு மட்டும் இரகசியமாகச் சென்றது. போலீஸ் நிலையத்துக்குச் செல்லவில்லை. வெளியே தெரிந்தால் இறைப்பணிக்குக் கேடு வரும் என்பது அறிந்தவருள் ஒருவர் பின்னாளில் சொன்ன காரணம். கணக்குச் சரியாக இருந்தது, முகவரிதான் தவறு.

விளைவு யாது? 1984-இல் ஸ்மைத் ஜிம்பாப்வே நாட்டுக்குக் குடியேறினார். தடுப்பார் இல்லை. அங்கும் முகாம்கள் நடத்தினார். 1992 டிசம்பரில் அவர் முகாம் ஒன்றில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தான். 1993-இல் அந்நாட்டு வழக்கறிஞர் டேவிட் கோல்ட்டார்ட் ஓர் அறிக்கை தயாரித்தார். பின்னர் வழக்கும் எழுந்தது. அது நிறைவேறாமற் போயிற்று. ஸ்மைத் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று குடியேறினார். மேக்கின் மதிப்பீட்டின்படி, பிரிட்டனில் அவரால் துன்புற்றோர் 26 முதல் 30 பேர்; ஆப்பிரிக்காவில் 85 முதல் 100 சிறுவர்கள். அறிந்தும் சொல்லாமல் விட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் விலை கொடுத்தவர்கள் சொன்னவர்களோ கேட்டவர்களோ அல்லர். கடல் கடந்த வேறொரு நாட்டின் பிள்ளைகள்.

2013-இல் மணி மீண்டும் ஒலித்தது. துன்புற்ற ஒருவர் ஈலி பேராயத்தில் முறையிட்டார். கேப்டவுன் பேராயருக்குக் கடிதம் சென்றது. தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பிக்கும் செய்தி எட்டியது. அப்போதே முறைப்படி நடவடிக்கை எடுத்திருந்தால் ஸ்மைத்தை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கலாம் என்பது மேக்கின் முடிவு. 2017 பிப்ரவரியில் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று அம்பலப்படுத்திய பிறகே நாடு அறிந்தது. 2018 ஆகஸ்டில் ஸ்மைத் விசாரணையின்றியே இறந்தார். அறிக்கை வெளிவந்த ஐந்தாம் நாள், 2024 நவம்பர் 12-இல், வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். போலீசாருக்குத் தெரிவித்தாயிற்று என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும், ஆகவே தக்கது நடக்கும் என்று தவறாக நம்பியதாகவும் அவர் கூறினார்.

இக்கூற்று ஆழ்ந்து எண்ணத்தக்கது. வேறொருவர் சொல்லியிருப்பார் என்னும் நம்பிக்கையைப்போல் பிள்ளைகளுக்குப் பகையானது பிறிதொன்று இல்லை. பொய் சொல்லாமலேயே, கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஒருவர் மணியை அடக்கிவிட அது வழிசெய்கிறது.

அறிக்கைகளின் நிறையும் குறையும்

மூன்று அறிக்கைகளிலும் போற்றத்தக்கன பல. பதவியின் உயரத்துக்கு அவை அஞ்சவில்லை. கடிதம் எந்நாளில் வந்தது, யார் கையில் நின்றது என்று படிப்படியாகக் காட்டுகின்றன. துன்புற்றோரின் குரலுக்கு இடம் தருகின்றன.

குறைகளும் உள. காலம் முதற்குறை. மேக்கின் விசாரணை 2019-இல் தொடங்கி 2024-இல் முடிந்தது. ரஸ்டன் 1982-இல் எழுதியதை உலகம் முழுமையாக அறிய 42 ஆண்டுகள் ஆயின.

ஆப்பிரிக்கச் சிறுவர்களின் நிலை இரண்டாம் குறை. எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. எழுத்தில் அவர்களே குறைவு. இங்கிலாந்தின் மாணவர்கள் ஒவ்வொருவரும் பெற்ற அடிவரை எண்ணப்பட்டிருக்க, ஜிம்பாப்வேயின் சிறுவர்கள் மதிப்பீட்டு எண்ணாகவே நிற்கின்றனர். அறிக்கைக்கு வகுத்த எல்லை இங்கிலாந்துத் திருச்சபையே என்பது உண்மை. ஆனால், தீமை அந்த எல்லையில் நிற்கவில்லையே!

நடை மூன்றாம் குறை. இது அறிக்கைகளை ஒட்டி நிறுவனங்கள் வெளியிடும் வருத்தச் செய்திகளுக்கு இன்னும் பொருந்தும். ‘தவறுகள் நிகழ்ந்தன’, ‘வாய்ப்புகள் நழுவவிடப்பட்டன’ என்பன போன்ற வாக்கியங்களைத் தமிழாசிரியர் ஒருவர் கண்டால் உடனே சிவப்பு மையைத் தேடுவார். எழுவாய் எங்கே? நிகழ்த்தியவர் யார்? நழுவவிட்டவர் யார்? மழை பெய்வதுபோலத் தவறு தானே நிகழ்வதில்லை. எழுவாயை மறைத்து எழுதும் வருத்தம், வருத்தம் ஆகாது.

‘ஆர்’ என்னும் விகுதி

இலக்கணம் பேசுவதால் நம் மொழியின்மீதும் ஒரு பார்வை செல்லட்டும். ‘ஐயர் சொன்னார், பையன் சொன்னான்.’ இரண்டும் சொல்லுதலே. ஆயினும் முன்னதில் மதிப்பு விகுதியிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெரியவர் சொன்னது ‘வாக்கு’. பிள்ளை சொன்னது ‘பேச்சு’. ‘சின்னப் பிள்ளைப் பேச்சு’ என்று தள்ளிவிடுவது வீட்டுக்கு வீடு நடப்பது. ஒரு பிள்ளை ஒரு பெரியவர்மேல் குறை கூற வாயெடுக்கும்போதே, மொழியின் தராசில் அதன் தட்டு மேலே போய்விடுகிறது. மரியாதை விகுதியை விட்டுவிட வேண்டும் என்பதன்று கருத்து. விகுதி மரியாதைக்கு உரியது. சாட்சியத்தை எடைபோடுவதற்கு உரியதன்று என்பதே கருத்து. லாம்பெத் மாளிகையில் நேர்ந்ததும் இதுதான். அவர்கள் மொழியில் ‘ஆர்’ விகுதி இல்லை. ஆனால், அவர்கள் மனத்தில் அது இருந்தது.

தோட்டத்து வாயில்

இவையெல்லாம் இங்கிலாந்துச் செய்திகள்; கோலசிலாங்கூர்த் தோட்டத்துக்கும் இவற்றுக்கும் என்ன உறவு என்று கேட்போர் இருப்பர். உறவு இரண்டு வகையில் உண்டு.

ஒன்று, கேட்பவரும் பிழைப்புத் தருபவரும் ஒருவராயிருக்கும் நிலையைத் தோட்டத் தமிழரைப்போல் அறிந்தவர் எவருமிலர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது; ஆனால், அதுவும் நிர்வாகத்தின் கையில் வந்தது. லயத்து வீடும், வேலையும், மருந்தும், பள்ளியும் ஒரே வாயிலுக்குள் அமைந்துவிட்டன. கங்காணிமேல் குறையிருந்தால் அதைக் கங்காணியிடமே சொல்ல வேண்டும்; கிராணிமேல் இருந்தால் கிராணி வழியாகத் துரையிடம். சொன்னவன் மறுநாள் எங்கே குடியிருப்பான்? 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்து சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், ஆர். எச். நாதன் முதலியோர் முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது. நல்ல பள்ளி இருந்தது. தொழிலாளர் வீட்டுப் பெண்களை வெள்ளையரும் மற்ற மேலதிகாரிகளும் மானபங்கம் செய்வது நிற்க வேண்டும் என்பதும் இருந்தது. பல ஆண்டுகளாக லயங்களுக்குள் முணுமுணுக்கப்பட்ட இக்கொடுமையை எழுத்தில் ஏற்ற ஒரு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. தோட்டத்து வாயிலுக்குள் மணி இல்லாமையே அதற்குக் காரணம்.

மற்றொன்று, இன்னும் அண்மையது. ரிச்சர்ட் ஹக்கில் என்னும் ஆங்கிலேயன் 2006-க்கும் 2014-க்கும் இடையே மலேசியாவில் சிறுவர்கள்மீது செய்த கொடுமைகளுக்காக, 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. அவன் ஒப்புக்கொண்ட குற்றங்கள் 71. கெடுக்கப்பட்ட குழந்தைகள் 23 பேருக்குக் குறையாது என்பது வழக்கில் கூறப்பட்டது. அவன் குருவானவன் அல்லன். ஆங்கிலம் கற்றுத் தருபவனாகவும், பக்தியுள்ள கிறிஸ்தவனாகவும் கோலாலம்பூரின் ஏழைக் கிறிஸ்தவக் குடும்பங்களிடையே பழகினான். அக்குடும்பங்களுள் பெரும்பாலானவை இந்தியக் குடும்பங்கள். வெள்ளைக்காரர் வந்து நம் பிள்ளைக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறார் என்று மகிழ்ந்த தாய்மாரின் நன்றியே அவனுக்குத் திறவுகோலாயிற்று. மலேசிய மக்கள் இதனை அறிந்ததும் லண்டன் நீதிமன்றச் செய்தி வழியாகவே. 2019-இல் அவன் சிறையில் கொல்லப்பட்டான். பிள்ளைகளின் காயம் அதனால் ஆறிவிடவில்லை.

ஆயினும், இவ்வழக்கின் அதிர்ச்சியால் நாட்டில் ஒரு நன்மை விரைந்து நடந்தது. சிறுவர்களுக்கெதிரான பாலியல் குற்றச் சட்டம், 792-ஆம் சட்டமாக, 2017-இல் நிறைவேறி அவ்வாண்டு ஜூலையில் அமலுக்கு வந்தது. இவ்வழக்குகளுக்கென்று புத்ராஜெயாவில் தனி நீதிமன்றமும் திறக்கப்பட்டது. இச்சட்டத்தின் 19-ஆவது பிரிவே தமிழாசிரியர்கள் மனத்திற்கொள்ள வேண்டியது. இத்தகைய குற்றத்தை அறிந்தும் போலீசாருக்குத் தெரிவியாதவர் எவராயினும் 5,000 ரிங்கிட் வரை அபராதத்துக்கு உரியவர் ஆவார். குருவானவர், குருக்கள், தலைமையாசிரியர், தோட்ட அலுவலர் என்னும் வேறுபாடு இல்லை. மணியை அரண்மனைக்குள்ளிருந்து எடுத்து வீதியில் கட்டிய சட்டம் இது.

சட்டம் வந்துவிட்டது, வழக்கம் வந்துவிட்டதா? பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் பக்கங்களில் பால்மரம் செம்பனையாக மாறிவிட்டது. லயங்கள் பல வெறுமையாகிவிட்டன. பத்தாங் பெர்ஜுந்தையும் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பழைய பஞ்சாயத்துப் புத்தி மட்டும் முற்றும் மாறியதாகச் சொல்ல முடியாது. இரு குடும்பத்தையும் கூட்டி வைத்துப் பேசுவோம், பெண் பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடும், நம் பள்ளியின் பெயர் பத்திரிகையில் வரலாமா, ஆள் வேலையை விட்டுப் போய்விடட்டும், அது போதும் என்னும் சொற்கள் இன்றும் கேட்பவையே. இவற்றுள் கடைசிச் சொல்லே மிகக் கொடியது. ஆளை அனுப்பிவிடுதல் தீர்வன்று. அடுத்த ஊர்ப் பிள்ளைகளிடம் அவனை ஒப்படைப்பதாகும். ஜிம்பாப்வேயில் நடந்தது அதுதான்.

ஓர் ஐயம் எழலாம். பொய்ப் புகாரால் நல்லவர் ஒருவரின் பெயர் கெட்டுவிடாதா? கவலை நேர்மையானதே. ஆனால், அதற்கு மருந்து புகாரை மூடுவதன்று. அறிந்தவர், பழகாதவர், ஒருபால் கோடாதவர் கையில் விசாரணையை ஒப்படைப்பது. பள்ளிக்குள் முடித்த விசாரணையால் குற்றவாளி தப்புவான். குற்றமற்றவரும் ஆயுள் முழுதும் சந்தேகத்தின் நிழலில் நடப்பார். வெளியார் ஆராய்ந்து சொன்ன தீர்ப்பே இருவர்க்கும் நியாயம் செய்யும்.

ஆகவே, ஆசிரியர் செய்யத்தக்கது சிறிது. ஆனால் தப்பக் கூடாதது. பிள்ளை சொன்னால் அமைதியாகக் கேட்பது. துருவித் துருவிக் கேட்டுத் தாமே நீதிபதியாகாதிருப்பது. சொன்ன சொற்களை அவ்வாறே எழுதி வைப்பது. குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் முன்கூட்டிச் சொல்லாதிருப்பது. அன்றைக்கே போலீசாருக்கும் சமூகநல இலாகாவுக்கும் தெரிவிப்பது. தாலியான் காசே தொலைபேசி 15999 எந்நேரமும் திறந்திருக்கிறது. தெரிவித்தாயிற்றா என்று பிறரைக் கேட்டு அமைதியடைவது போதாது; தாமே தெரிவித்தல் வேண்டும். வெல்பியின் வீழ்ச்சி தரும் பாடம் அதுவே.

மணியைக் கட்டும் இடம்

இங்கிலாந்துத் திருச்சபை இப்பாடத்தை முழுதும் கற்றுவிட்டதா? 2025 பிப்ரவரியில் அதன் பொதுப் பேரவை கூடிற்று. சிறுவர் பாதுகாப்பு அலுவலர் அனைவரையும் திருச்சபைக்குப் புறம்பான அமைப்பின்கீழ் வைப்பது ஒரு திட்டம். தேசிய அலுவலர்களை மட்டும் அவ்வாறு மாற்றி, பேராயங்களில் உள்ளவர்களை இருந்தபடியே விடுவது மற்றொரு திட்டம். பேரவை உடனடியாக ஏற்றது இரண்டாவதை. முன்னதை மேலும் ஆராய்வதாகச் சொல்லி வைத்தது. 42 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் ஏமாற்றம் கொண்டது வியப்பன்று. மணியின் சட்டம் வீதிக்கு வந்திருக்கிறது. கயிற்றின் நுனி இன்னும் மாளிகைக்குள் இருக்கிறது.

மனுநீதிச் சோழன் வரலாற்றை அடுத்த முறை வகுப்பில் நடத்தும்போது, மன்னனின் பெருமையோடு மற்றொன்றையும் மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம். அந்த மணி அரண்மனை வாயிலின் புறத்தே கட்டப்பட்டிருந்தது. அதனை அசைக்க ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வாய் பேசாத பசுவின் கொம்புக்கும் எட்டும் உயரத்தில் அது இருந்தது. நம் பள்ளிகளிலும் கோயில்களிலும் திருச்சபைகளிலும் உள்ள மணி, ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுமா என்பதை நாம் ஒருமுறை போய்ப் பார்த்தல் நன்று.